வெள்ளையன் மேஸ்திரியும் ஓர் உள்தாழ்ப்பாளும்

வெள்ளையன் மேஸ்திரி என் அக்காள் புருஷன். கொழுந்தியாளுக்கு அக்காள் புருஷனைக் கேலி செய்ய முழு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை, இங்கேயும் வீணாக்கப் போவதில்லை. ஆனால் அவரைப் போல மனசு சுத்தமான ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு கோபத்தில் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் ஒல்லி. கழுத்தில் மப்ளர், காலில் டயர் செருப்பு, கையில் காப்பிச் செடியின் தண்டைச் செதுக்கி எடுத்த கம்பு. இத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய சத்தம் எப்படி வருகிறதென்று யாருக்கும் புரியாது. ஏற்காட்டு மலையில் எங்கள் ஊர் வெள்ளக்கடை. அந்த ரோட்டில் நின்று அவர் யாரையாவது கூப்பிட்டால், எதிர்ச்சரிவில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாரென்று நிமிர்ந்து பார்ப்பார்கள். என் அக்காள் தங்கம்மா அவருக்கு வாழ்க்கைப்பட்ட புதிதில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாள் என்று நான் சொல்வேன். அவள் மறுப்பாள்.

அந்தக் குரலுக்கு ஒரு காரணம் உண்டு. இருபது வயசிலிருந்து அறுபது வரைக்கும் அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. மேஸ்திரி என்றால் ஆட்களை வேலைக்குக் கூட்டிப் போய், வேலை வாங்கி, சாயங்காலம் ரைட்டரிடம் கணக்குச் சொல்கிறவர். விடிவதற்கு முன்னால் மூடுபனிக்குள் லைன் வீடுகள் நெடுகப் போய் ஒவ்வொருவரையும் எழுப்புவதுதான் அவருடைய முதல் வேலை. லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். உள்ளே குடியிருப்பவர்கள் எஸ்டேட் ஆட்கள். ஆகவே தட்டிவிட்டுக் காத்து நிற்பது என்கிற பழக்கமே அங்கே கிடையாது. கம்பால் கதவில் ஒரு போடு, காலால் ஒரு தள்ளு, "எந்திரி, எந்திரி" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் தான் செய்வது பெரிய உதவி என்றுதான் அவர் நினைத்தார். தூங்கிப்போன பெண்ணின் அடுப்பை அவரே பற்ற வைத்துவிட்டு, அழுகிற குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு வந்த கதைகள் எல்லாம் உண்டு.

ரிட்டையரான பிறகு வெள்ளக்கடையில் சரிவை வெட்டி ஒரு வீடு கட்டினார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பாகம். ஒன்றில் அவரும் அக்காளும். இன்னொன்று வாடகைக்கு. எதிரே, பாதைக்கு இந்தப் பக்கம் என் வீடு. என் வீட்டுக்காரர் லாரியோடு போய்விடுவார். நான் ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டில் நடப்பது ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பாது.

வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான். சரிவை வெட்டியதால் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே மண் மேடு நிற்கும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் வாய்க்கால். மழைத் தண்ணீர் அதில் ஓடி, மூலையில் பலகைக் கல்லுக்கு அடியில் இருக்கிற தூம்பு வழியாக ரோட்டோரம் வந்து விழும். மேலே சில்வர் ஓக் மரங்கள். அந்த இலைகள் தூம்பில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் மேடு ஊறும், ஊறினால் மண் சரிந்து சுவரின் மேல் விழும். இது மலையில் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் கல்லைப் புரட்டித் தூம்பைச் சுத்தம் செய்தாக வேண்டும். சரி, அந்த வாய்க்காலுக்கு எப்படிப் போவது? இரண்டு பக்கமும் பாறை. மேலேயிருந்து இறங்கினால் மண்ணும் கூடவே இறங்கும். தன் பாகத்தில் பின்கதவு வைக்க வேண்டிய இடத்தில் அக்காளுக்கு அடுப்பு மேடை போட்டுக் கொடுத்துவிட்டார் மனுஷன். ஆகவே வாய்க்காலுக்கு ஒரே வழி, வாடகைப் பாகத்தின் சமையலறைப் பின்கதவு.

முதலில் குடி வந்தது ஒரு பஸ் கண்டக்டர். காலை முதல் வண்டி அவருடையது. மேஸ்திரி கம்பால் போடுகிற போட்டில் எழுந்து, முகம் கழுவி, கும்பிட்டுவிட்டு ஓடுவார். மேஸ்திரி உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பார், அணைக்காத ஸ்டவ்வை அணைப்பார், வாய்க்காலைப் பார்ப்பார், வருவார். கண்டக்டர் நான்கைந்து வருஷம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார். அந்த நான்கைந்து வருஷத்தில் நம் ஆளுக்கு, வாடகைக்கு விடுவது என்றாலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று ஊர்ஜிதமாகிவிட்டது.

எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று வாக்கில் அமலி குடி வந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ். எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து போய்த் தடுப்பூசி போடுவாள், பிரசவம் பார்ப்பாள். இருபத்தைந்து வயசிருக்கும். தனியாக இருந்தாள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் சொன்னதை மாற்ற மாட்டாள். எனக்கு அவளைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

மேஸ்திரிக்கும் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம். விடிகாலையில் கதவில் ஒரு போடு. "ஏம்புள்ள, எந்திரி, மணியாச்சு." அவள் எழுந்து கதவைத் திறந்து, "எனக்கு எட்டு மணிக்குத்தானுங்க வேலை, தட்டாதீங்க" என்பாள். மறுநாளும் ஒரு போடு. அவள் இல்லாத நேரத்தில் தன்னிடம் இருந்த சாவியால் திறந்து, விறகு கொண்டுபோய் அடுப்படியில் அடுக்கிவிட்டு வருவார். பலாப்பழம் பழுத்தால் பாதியை உரித்து, சுளையெடுத்து, அவளுடைய பாத்திரத்திலேயே போட்டு வைத்துவிட்டு வருவார். அவள் வந்து பார்த்தால் பாத்திரம் இடம் மாறியிருக்கும், கொடியில் காய்ந்த துணி மடித்து வைத்திருக்கும். ஒரு தனிப் பெண்ணுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னேன். "மாமா, வயசுப்புள்ள துணியவெல்லாம் தொடாதீங்க" என்றேன். "மழை வந்தா நனஞ்சு போயிருமில்ல?" என்றார். இவரிடம் என்ன பேசுவது?

ஒருநாள் அது முற்றியது. கொட்டச்சேடு கிராமத்தில் ஒரு தலைச்சன் பிரசவம். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, காலையில் வந்து படுத்திருக்கிறாள் அமலி. சாத்திய கதவு. உள்தாழ்ப்பாள் என்று ஒன்று அந்த வீட்டில் மேஸ்திரி வைக்கவே இல்லை. மேஸ்திரி பாதையில் போனவர் ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தார். பனி உள்ளே போகிறது, புள்ளைக்குச் சளி பிடிக்கும். நேரே உள்ளே போனார், கட்டிலைத் தாண்டி ஜன்னலைச் சாத்தினார். சத்தத்தில் அவள் கண் விழித்தால், தலைமாட்டில் கம்போடு ஓர் ஆம்பிளை. அவள் போட்ட கூச்சலில் நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கை கோணலாகிவிட்டது.

அன்று சாயங்காலமே அவள் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். வரும்போது ஒரு புது உள்தாழ்ப்பாளும் திண்டுக்கல் பூட்டும் வாங்கி வந்தாள். தச்சனைக் கூப்பிட்டு, முன்கதவில் தாழ்ப்பாளைப் பொருத்தினாள். இருக்கும்போது தாழ்ப்பாள், போகும்போது பூட்டு. மேஸ்திரியிடம் இருந்த சாவி எதற்கும் பயனில்லாமல் ஆணியில் தொங்கியது.

"எம்பட ஊட்டுக்குள்ள நான் போவக் கூடாதாமா?" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர் ஊரையே கூட்டிவிட்டார். எம்பட ஊடு, எம்பட கல்லு, எம்பட மண்ணு. ஆனி போய் ஆடி வந்தது, ஆடி போய் ஆவணி வந்தது, மழைக்காலம் கிட்டே வந்துகொண்டிருந்தது. அவள் வீட்டில் இருக்கும்போதெல்லாம் போய்க் கதவில் ஒரு போடு போட்டு, "கதவைத் தொற" என்பார். "எதுக்குங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "தொறங்கறேன்!" என்பார். தாழ்ப்பாள் அசையாது. இவர் திரும்பி வருவார்.

வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்ல மாட்டார். நாற்பது வருஷம் ஆட்களிடம் ஏன், எதற்கு என்று காரணம் சொல்லி வேலை வாங்கியவரில்லை அவர். மேஸ்திரி சொன்னால் செய்ய வேண்டும். காரணம் துரைக்குத் தெரியும், ரைட்டருக்குத் தெரியும், ஆளுக்கு எதற்கு? அந்தச் சட்டத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

நானே அமலியிடம் போய்ச் சொன்னேன். "கண்ணு, பின்னால வாய்க்கால் இருக்குது, அதைத்தான் பாக்கோணுங்கறாரு." அவள் சிரித்தாள். "அன்னிக்கு ஜன்னலுங்க, இன்னிக்கு வாய்க்காலுங்களா அக்கா? வாய்க்கால்ல கெடக்கற எலையெல்லாம் நானே கூட்டிக்கறேன். வேற ஏதாச்சும் இருந்தா அவரே வந்து சொல்லட்டும். கதவ அடிக்கத் தெரிஞ்ச மனுசருக்குச் சொல்லத் தெரியாதுங்களா?" எனக்கும் அந்தக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அப்போது சரியாகத் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பூட்டை உடை என்றார் ஒருவர். தண்ணீர்க் குழாயை நிறுத்து, தானாக ஓடிவிடுவாள் என்றார் இன்னொருவர். அக்காள் அதைக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்குத் தண்ணிய நிறுத்தினா உங்களுக்குச் சோறு நின்னு போகும், பாத்துக்கோங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் செய்கிறவள். சரி, சட்டப்படியே பார்த்துவிடுவோம் என்று நம் ஆள் சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார். எனக்கும் நூல்கண்டு, பட்டன் வாங்க வேண்டியிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு தடவை "எம்பட ஊடு" என்றார். பஸ் முழுக்க எங்களையே பார்த்தது.

வக்கீல் வயசானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வீடு உங்களுதுதான். யாரும் இல்லைன்னு சொல்லலை. சுவரு, கூரை, வாய்க்கால் எல்லாம் உங்களுது. அதைச் சரி பண்ண உள்ளே போறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா முன்கூட்டியே சொல்லணும். என்ன வேலைன்னு சொல்லணும். பகல்ல, அவங்களுக்குத் தோதான நேரத்துல போகணும். வாடகைக்கு விட்ட பிறகு அது அவங்க குடியிருக்கற இடம். நினைச்ச நேரத்துக்கு நுழையறதுக்குச் சட்டத்துல இடமில்லை."

"சொல்லியும் மாட்டேன்னு சொல்லிப்போட்டா?"

"கோர்ட்டுக்குப் போகலாம். உத்தரவு வர்றதுக்குள்ளே உங்க மலையில ரெண்டு மழைக்காலம் போயிடும்."

"பூட்டை ஒடச்சா?"

"அதுக்கப்புறம் வேற வக்கீலைப் பாருங்க. நான் போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் வர்றதில்லை."

"அப்ப நான் என்னதாங்க பண்ணோணும்?"

"என்ன வேலைக்காகக் கதவைத் திறக்கச் சொல்றீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டே சொன்னீங்களா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

"கேட்டுப் பாருங்களேன்" என்றார் வக்கீல்.

திரும்பி வரும்போது ஒரு வளைவிலும் "எம்பட ஊடு" வரவில்லை. மலை ஏறி முடியும்போது, "அந்த வக்கீலு அவளுக்குச் சொந்தமா இருப்பானாட்ட இருக்குது" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. அந்தப் பெண் படுத்திருக்கிற சுவருக்குப் பின்னால் மண் மேடு நிற்கிறது, அது சரியாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

மழை பிடிப்பதற்கு முந்தின வாரம், வெள்ளை ஜாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தைக்க வேண்டுமென்று அமலி என் வீட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, நீங்க லைன் ஊட்டுல இருந்திருக்கீங்களா?"

"பொறந்ததே அங்கதான் கண்ணு. நானும் தங்கம்மாளும்."

"கதவுக்கு உள்ள தாழ்ப்பாள் இருந்துச்சுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வெளியே நாதாங்கி உண்டு. உள்ளே ஒன்றும் கிடையாது. ராத்திரியில் அம்மா அம்மிக் குழவியை உருட்டி வைப்பாள். இத்தனை வருஷத்தில் அது ஏன் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நானும் லைன்லதானுங்க பொறந்தேன்" என்றாள் அவள். "வேற எஸ்டேட்டு. எனக்குப் பத்து வயசிருக்கும். எங்கம்மாவுக்குக் கொழந்த தங்காமெக் கலைஞ்சு போச்சு. ரத்தமா போய்ட்டிருந்துச்சு, எந்திரிக்க முடியல. விடிகாலைல மேஸ்திரி வந்தாரு. கம்பால ஒரு போடு, கதவு தொறந்துக்கிச்சு. அந்தக் கம்பாலயே போர்வையத் தூக்கினாரு. அப்பறந்தான் பாத்தாரு. பாத்துட்டு ஒண்ணும் பேசாமெப் போய்ட்டாருங்க. கெட்டவரெல்லாம் இல்ல. அன்னிக்கு எங்கம்மா வேலைக்கு வந்ததாவே கணக்குச் சொல்லிட்டாராம். ஆனா எங்கம்மா அதுக்கப்பறம் அசந்து தூங்கி நான் பாத்ததே இல்லீங்க அக்கா. கதவப் பாத்த மாதிரியே படுத்திருப்பாங்க. நர்சு படிப்புக்கு ஏன் போனேன்னு எல்லாரும் கேப்பாங்க. சேவை செய்யறதுக்குன்னு சொல்லுவேன். அதெல்லாம் பொய்யிங்க. சொந்தச் சம்பளத்துல ஒரு ஊடு புடிச்சு, உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுக்கோணும். அவ்வளவுதான் ஆசை."

ஜாக்கெட்டை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு மிஷின் ஓடவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

அக்காளிடம் மட்டும் சொல்லலாம் என்றுதான் போனேன். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, இவர் கேட்டே ஆக வேண்டும் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

"அவங்கம்மா பேரென்ன?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க மாமா. உங்க எஸ்டேட் இல்ல."

"எந்த எஸ்டேட்டா இருந்தா என்ன" என்றார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றார். அக்காள் சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை.

மறுநாள் காலையில் அமலியின் கதவில் போடு விழவில்லை. அதற்கு மறுநாளும் விழவில்லை. ஆனால் வாய்க்காலைப் பற்றிப் போய்ச் சொல்லவும் இல்லை. போகிறார், பாதி தூரத்தில் நிற்கிறார், வருகிறார். வெட்கம். நல்ல கோபக்காரரைக்கூடச் சமாளித்துவிடலாம், வெட்கப்படுகிற ஆளை என்ன செய்வது?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏற்காட்டு ஐப்பசி மழையைச் சொல்லவா வேண்டும்? விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அமலி உள்ளேதான் இருந்தாள், தாழ்ப்பாள் போட்டிருந்தது. மத்தியானம் மேஸ்திரி மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ரோட்டோரம் குந்தியிருப்பதை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூம்பு வந்து விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். அக்காளும் வந்தாள்.

"என்னங்க மாமா?"

"தண்ணி வரலையே" என்றார். மலையே தண்ணீராக ஓடுகிறது, அந்தத் தூம்பிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. மீதித் தண்ணீரெல்லாம் எங்கே நிற்கிறதென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் சமையலறைச் சுவருக்குப் பின்னால், மண் மேட்டின் காலடியில்.

"நான் போய்ச் சொல்றேனுங்க" என்று திரும்பினேன்.

"நில்லு" என்றார். "ஊடு எம்பட. கேக்க வேண்டியவன் நான்."

நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். அவள் வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் கம்பு மேலே போனது. போன கை அப்படியே நின்றது. கம்பைக் கீழே இறக்கி, சுவரோரம் சாய்த்து வைத்தார். தலையில் இருந்த சாக்கை எடுத்துவிட்டார். விரல் முட்டியால் கதவில் மெதுவாகத் தட்டினார். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாற்பது வருஷம் எத்தனையோ கதவைத் தட்டியவரிடம் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. கேட்க யாருக்கும் அவகாசம் கொடுத்தவரில்லை அவர்.

"வெள்ளையனுங்க அம்மிணி" என்றார். மேஸ்திரி என்று சொல்லவில்லை. "பின்னால வாய்க்கால் தூம்பு அடச்சுக்கிச்சுங்க. தண்ணி தேங்கி மேடு ஊறுது. கல்லப் பொரட்டித் தொறந்து உடோணும். உங்க சமையக்கட்டு வழியாத்தான் போவ முடியும். உள்ள வரலாங்களா?"

அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம்கூட இத்தனை 'ங்க' போட்டுப் பேசாத மனுஷன் என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிக்கவில்லை.

உடனே கதவு திறந்துவிடவில்லை. அவர் தலையில் மழை கொட்டுகிறது. நான் கத்தியிருப்பேன். அவர் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார், திறக்கிறவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று. மேடு அந்த நிமிஷமே சரிந்தாலும் சரியும் என்று எங்களைவிட நன்றாக அவருக்குத் தெரியும். ஆனாலும் நின்றார்.

தாழ்ப்பாள் நகர்ந்த சத்தம் கேட்டது.

"வாங்க" என்றாள் அமலி.

டயர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். நாங்களும் போனோம். பின்கதவைத் திறந்தால் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது, வாசற்படியைத் தாண்டி உள்ளே ஏறியது. அமலி முகம் வெளுத்துவிட்டது. "நான் தெனமும் எலையக் கூட்டினேனுங்களே" என்றாள். "நீங்க கூட்டினது நல்லதுதானுங்க. அடைப்பு கல்லுக்கு அடியில. அது நான் சொன்னாத்தானே உங்களுக்குத் தெரியும்? சொல்லாதது எம்பட தப்பு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அக்காள் ஓடிப்போய் எடுத்து வந்த கடப்பாரையைக் கொடுத்து அவர் கல்லை நெம்ப, அமலி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி இன்னொரு பக்கம் பிடித்தாள். கல் புரண்டது. கை விட்டு அழுகின இலையை வாரி வாரி எறிந்தார். தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது. ரோட்டோரம் அது கொட்டுகிற சத்தம் கேட்டதும் அக்காள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் மேட்டில் ஒரு ஓரம் சரியத்தான் செய்தது. ஆனால் தண்ணீர் வடிந்துபோயிருந்ததால் ஒரு வண்டி மண்ணோடு நின்றது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அமலி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஈரத்தோடு உள்ளே உட்கார மாட்டேன் என்று மேஸ்திரி வாசலில் நின்றே குடித்தார்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் ஆறேழு வருஷம் இருந்தாள். உள்ளே போக வேண்டிய வேலை இருந்தால் மேஸ்திரி முந்தின நாளே போய்ச் சொல்வார். மறுநாள் போய்த் தட்டுவார், ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்பார். தாழ்ப்பாள் நகர்ந்த பிறகுதான் திரும்புவார். இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால் ஆளுக்கு எதிலும் நடுவாந்தரம் கிடையாது. என் வீட்டுக்கு வந்தாலும் திறந்து கிடக்கிற கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி நின்றார். தன் வீட்டுக்கே தட்டிவிட்டு நின்றார். "ஏனுங்க, இது உங்க ஊடுதானுங்க, உள்ள வாங்க, சோறு ஆறிப்போவுது" என்று அக்காள் உள்ளேயிருந்து கத்துவாள். "நீ இருக்கறயில்ல? உம்பட ஊடுந்தான்" என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அக்காள் ஒருநாளும் சிரித்ததில்லை.

அமலி கல்யாணமாகி வாழவந்திப் பக்கம் போனாள். தொண்ணூற்று நான்கில் மேஸ்திரி படுத்த படுக்கையானார். மூச்சிரைப்பு. அந்தக் குரல் முழுசாகப் போய்விட்டது, பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். ஊசி போட வேண்டியிருந்தது. கேள்விப்பட்டு அமலி தானே மொபெட்டில் வந்தாள்.

நானும் அக்காளும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். கதவு அகலத் திறந்து கிடந்தது. அவள் பையோடு வந்தவள் படியில் நின்றாள். திறந்த கதவின் பலகையில் விரல் முட்டியால் தட்டினாள்.

"வெள்ளையனய்யா, அமலியிங்க. ஊசி போட வந்திருக்கறேன். உள்ள வரலாங்களா?"

அக்காள் பதறிப்போய், "இதென்ன கண்ணு, நீ வா" என்று கையசைத்தாள். அமலி தலையை ஆட்டினாள். அங்கேயே நின்றாள்.

மேஸ்திரி என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன். "இருக்கச் சொல்லு. வேட்டியச் சரி பண்ணிக்கறேன்" என்றார். நாங்கள் கை கொடுக்கப் போனோம். வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவரே வேட்டியை இழுத்துக் கட்டினார். மப்ளரைச் சரி செய்தார். மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டார். அதுவரைக்கும் அமலி கதவுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றாள்.

பிறகு அவர் வாசலைப் பார்த்து, "வாங்க அம்மிணி" என்றார். அது அவளுக்குக் கேட்டிருக்காது. நான்தான் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.